அளவு கண்ட அறிஞர்: லூயி ஹெரால்டு கிரே

நுழையும்முன்

துணியை மீட்டரால் அளக்கின்றோம்; அரிசியைக் கிலோகிராமால் நிறுக்கின்றோம்; காய்ச்சலை வெப்பமானியால் அறிகின்றோம். கண்ணுக்குப் புலப்படாமல் உடலினுள் ஊடுருவிச் செல்லும் கதிரை எவ்வாறு அளப்பது? புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் பெறும் ஒவ்வொருவரின் நலமும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமைகின்றது. அவ்விடையைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் இயற்பியல் அறிஞரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

அளவு தெரியாத மருந்து

செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கதிர்களைக் கொண்டு நோய்களைக் குணப்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. ரேடியம் கண்டறியப்பட்டபின் அதன் காமாக் கதிர்களும் மருந்தாயின. கட்டிகள் சுருங்குவதைக் கண்ட மருத்துவர்கள் மகிழ்ந்தனர். ஆயின், எவ்வளவு கதிர் கொடுப்பது என்பதை அவர்களால் உறுதியாகக் கூற இயலவில்லை.

அந்நாளில் தோலே அளவுகோலாக இருந்தது. கதிர் பட்ட தோல் சிவந்தால் போதிய அளவு சென்றுவிட்டதாகக் கருதினர். ஆனால், தோல் உடனே சிவப்பதில்லை; எல்லாருடைய தோலும் ஒரே வகையில் சிவப்பதுமில்லை. கதிரின் வலிமையைத் தம் கையிலேயே பட வைத்துச் சோதித்த முன்னோடிகள் பலர் விரல்களை இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். அளவு குறைந்தால் புற்றுநோய் அழியாமல் மீண்டும் வளரும். அளவு மிகுந்தால் அதனைச் சூழ்ந்துள்ள நலமான திசுக்கள் கெடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழி மிகக் குறுகியது.

1928ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, ராண்ட்ஜன் என்னும் அலகினை ஏற்றுக்கொண்டது. கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தின் அளவை அது குறித்தது. அது பெரிய முன்னேற்றமே. எனினும், நோய் இருப்பது காற்றில் அன்று, உடலுக்குள். ஒரே அளவு ராண்ட்ஜன் பட்டாலும், ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரைத் தசையைவிட எலும்பு பன்மடங்கு மிகுதியாக உட்கவரும். காற்றில் அளந்த எண்ணைக் கொண்டு உடலுக்குள் நிகழ்வதை எவ்வாறு அறிவது? இங்குதான் கிரேயின் பணி தொடங்குகின்றது.

இளமையும் கல்வியும்

லூயி ஹெரால்டு கிரே 1905ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. செல்வ வளம் மிக்க குடும்பம் அன்று. ஆனால், கல்வியில் நாட்டம் மிக்க சிறுவனுக்குக் கற்பதற்கான வாய்ப்புகள் கிடைத்தன. கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பழைமையான உறைவிடப் பள்ளியில் அவர் பயின்றார். பெயரில் ஹாஸ்பிட்டல் என்னும் சொல் இருந்தாலும் அது மருத்துவமனை அன்று. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென உருவாக்கப்பட்ட பள்ளியாகும்.

1924ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த கிரே, பின்னர் அங்குள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அப்போது அவ்வாய்வகத்தின் தலைவராக விளங்கியவர், அணுவின் கருவைக் கண்டறிந்த ரூதர்போர்டு. நியூட்ரானைக் கண்டறிந்த சாட்விக்கும் அங்கேயே பணியாற்றினார். உலகின் தலைசிறந்த இயற்பியலர்களின் நடுவே கிரே, காமாக் கதிர்கள் பொருள்களில் எவ்வாறு உட்கவரப்படுகின்றன என்பதை ஆராய்ந்தார். பெரும்புகழ் தரக்கூடிய அணுக்கரு இயற்பியல் துறை அவர்முன் திறந்து கிடந்தது.

மருத்துவமனைக்கு வந்த இயற்பியலர்

1933ஆம் ஆண்டு கிரே தம் பாதையை மாற்றிக்கொண்டார். லண்டன் மாநகரின் வடமேற்கே நார்த்வுட் என்னும் இடத்தில் அமைந்த மவுண்ட் வெர்னன் மருத்துவமனையில் இயற்பியலராகப் பணியேற்றார். மருத்துவமனையில் மருத்துவர் இருப்பர், செவிலியர் இருப்பர், இயற்பியலருக்கு அங்கு என்ன வேலை என்று பலரும் எண்ணிய காலம் அது. ஆனால், கதிரை மருந்தாகக் கொடுக்கும் இடத்தில் அதனை அளந்து கொடுக்க ஒருவர் வேண்டும். மருந்துக்கடையில் தராசு இல்லாவிடில் மருத்துவர் எழுதித் தரும் சீட்டால் என்ன பயன்? அத்தராசினை உருவாக்குவதே தம் கடமை எனக் கிரே கொண்டார்.

அப்பணி எளிதன்று. இன்றைய கதிர் மருத்துவத்தில் ஒரு நாளைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் அளவு, தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கே உயர்த்தும். நோயாளி எந்தச் சூட்டையும் உணர்வதில்லை. ஆயினும், உயிரணுவின் உள்ளே அந்தச் சிற்றாற்றல் பெரிய மாற்றத்தை விளைவிக்கின்றது. வெப்பமானிக்கு எளிதில் சிக்காத அவ்வாற்றலை அளக்க வேறு வழி காண வேண்டியிருந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

பானையில் உள்ள சோறு முழுவதும் வெந்ததா என அறிய, ஒரு சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். கிரே கண்ட வழியும் ஏறத்தாழ அத்தகையதே.

காமாக் கதிர் ஒரு பொருளுக்குள் புகும்போது அப்பொருளின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகின்றது. அந்த எலக்ட்ரான்கள் பொருளினூடே ஓடித் தம் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கின்றன. இழக்கப்படும் ஆற்றலைப் பொருள் உட்கவர்கின்றது. திண்மப் பொருளுக்குள் இதனை நேரடியாக அளப்பது கடினம். அப்பொருளின் நடுவே மிகச் சிறிய குழி ஒன்றை அமைத்து, அதில் காற்றினை நிரப்பினால் என்ன ஆகும்? எலக்ட்ரான்கள் அக்குழியையும் கடந்து செல்லும். செல்லும் வழியில் காற்றின் மூலக்கூறுகளை மின்னூட்டம் பெற்ற அயனிகளாக மாற்றும். அந்த மின்னூட்டத்தை மின்கருவியால் துல்லியமாக அளக்க முடியும்.

காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்கச் சராசரியாகச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 34 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். ஆகவே, அயனிகளின் எண்ணிக்கை தெரிந்தால் குழியிலுள்ள காற்று பெற்ற ஆற்றல் தெரியும். எலக்ட்ரான்களைத் தடுத்து அவற்றின் ஆற்றலைப் பெறும் திறன் காற்றுக்கு எவ்வளவு, சூழ்ந்துள்ள பொருளுக்கு எவ்வளவு என்னும் விகிதத்தால் அதனைப் பெருக்கினால், அப்பொருளின் ஒவ்வொரு கிராமும் உட்கவர்ந்த ஆற்றல் கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழி மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். பதம் பார்க்க எடுக்கும் ஒரு சோறு, பானையின் வேக்காட்டை மாற்றுவதில்லை. அதுபோலவே, குழி இருப்பதனால் எலக்ட்ரான்களின் ஓட்டம் மாறிவிடக் கூடாது. குழி பெரிதானால், அது சுற்றுப்புறத்தின் உண்மையைக் கூறாமல் தன் இருப்பையே கூறத் தொடங்கிவிடும்.

இக்கருத்தின் வித்தினை வில்லியம் ஹென்றி பிராக் என்னும் அறிஞர் 1912ஆம் ஆண்டிலேயே சுட்டியிருந்தார். கிரே அதனைத் தாமே தனியாக அடைந்து, 1929ஆம் ஆண்டிலும் 1936ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் கணிதமுறையில் நிறுவினார். இன்று அது பிராக்-கிரே கோட்பாடு என இருவர் பெயராலும் வழங்கப்படுகின்றது. காற்றில் அளந்த எண்ணுக்கும் உடல் பெறும் ஆற்றலுக்கும் இடையே இருந்த ஆற்றினைக் கடக்க இக்கோட்பாடு பாலமாயிற்று.

வேர்கள் உரைத்த உண்மை

நியூட்ரான் 1932ஆம் ஆண்டு கண்டறியப்பட்டபின், அதனையும் புற்றுநோய் மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாமா என்னும் வினா எழுந்தது. ஜான் ரீடு என்னும் இயற்பியலருடன் இணைந்து, கிரே மவுண்ட் வெர்னனிலேயே நியூட்ரான்களை உண்டாக்கும் கருவி ஒன்றை அமைத்தார். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது திசுக்களில் நிறைந்துள்ள ஹைட்ரஜன் அணுவின் கருவை மோதித் தள்ளுகின்றது. ராண்ட்ஜன் அலகு இத்தகைய கதிருக்கென வகுக்கப்பட்டதன்று. எனவே, எவ்வகைக் கதிராயினும் ஒரு கிராம் திசு எவ்வளவு ஆற்றலை உட்கவர்ந்தது என்பதையே பொது அளவாகக் கொள்ள வேண்டும் எனக் கிரேயும் ரீடும் கருதினர்.

கதிரின் விளைவை அறிய அவர்கள் தேர்ந்தெடுத்தது, மொச்சை போன்ற பெரிய விதையையுடைய ஓர் அவரைச் செடியின் வேர். முளைத்த வேரின் மீது கதிரைச் செலுத்தி, அடுத்து வந்த நாள்களில் அது எவ்வளவு நீண்டது என்பதை அளந்தனர். விலையுயர்ந்த பொருள் எதுவும் இச்சோதனைக்குத் தேவைப்படவில்லை, பொறுமையே தேவைப்பட்டது. சிறந்த அறிவியல் முடிவொன்று அவ்வேர்களிலிருந்து கிடைத்தது. எக்ஸ் கதிரும் நியூட்ரானும் ஒரே அளவு ஆற்றலைக் கொடுத்தபோதும், நியூட்ரான் பட்ட வேரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. நியூட்ரானால் உந்தப்பட்ட துகள்கள் தம் பாதையில் அயனிகளை நெருக்கமாக உண்டாக்குவதே இதற்குக் காரணம்.

ஆற்றலின் அளவை அறிவது இன்றியமையாதது. ஆனால், அது மட்டும் போதாது. அவ்வாற்றலைப் பெறும் உயிரின் இயல்பையும் அறிதல் வேண்டும். இவ்வுண்மை, இயற்பியலராகிய கிரேயை உயிரியலின் பக்கமும் திருப்பியது.

உயிர்வளியின் பங்கு

1946ஆம் ஆண்டு முதல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் பணியாற்றிய கிரே, 1953ஆம் ஆண்டு மீண்டும் மவுண்ட் வெர்னனுக்கு வந்து கதிர் உயிரியல் ஆய்வுக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். அதே ஆண்டில் தம் துணைவர்களுடன் அவர் வெளியிட்ட கட்டுரை, கதிர் மருத்துவத்தில் ஆக்சிஜனின் பங்கினைத் தெளிவாக்கியது.

ஆக்சிஜன் நன்கு கிடைக்கும் உயிரணுக்களைக் கதிர் எளிதில் அழிக்கின்றது. ஆக்சிஜன் இன்றி இருக்கும் உயிரணுக்களை அழிக்க, ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகின்றது. விரைந்து வளரும் கட்டியில் இரத்த நாளங்கள் எல்லா இடத்தையும் சென்றடைவதில்லை. தாம்லின்சன் என்னும் ஆய்வாளரும் கிரேயும் 1955ஆம் ஆண்டு மனித நுரையீரல் கட்டிகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதனை விளக்கிற்று. இரத்த நாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஆறில் ஒரு பங்குத் தொலைவைக்கூட ஆக்சிஜன் எட்டுவதில்லை. அதற்கப்பால் உயிரணுக்கள் மடிந்து கிடந்தன. உயிருள்ள பகுதிக்கும் மடிந்த பகுதிக்கும் இடையே, ஆக்சிஜன் குறைந்தும் உயிரோடிருக்கும் அணுக்கள் கதிரிடமிருந்து தப்பக்கூடும் என்பது புலனாயிற்று.

சரியான அளவு கொடுத்தும் சில கட்டிகள் ஏன் மீண்டும் வளர்கின்றன என்னும் நெடுநாள் புதிருக்கு இது விடைகளுள் ஒன்றாயிற்று. கதிரைப் பல நாள்களுக்குப் பகுத்துக் கொடுப்பதன் நன்மையும் இதனால் விளங்கிற்று. ஆக்சிஜன் மிக்க அணுக்கள் முதலில் அழிய, எஞ்சியவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்க, அடுத்த முறை செலுத்தும் கதிர் அவற்றையும் தாக்குகின்றது.

நீளம், அகலம், ஆழம்

குழிக் கோட்பாடு ஓர் இடத்தில் உட்கவரப்படும் அளவைச் சொல்லும். புற்றுநோய்க் கட்டியோ ஒரு புள்ளி அன்று. அதற்கு நீளம், அகலம், ஆழம் என முப்பரிமாணம் உண்டு. அதன் அருகில் தண்டுவடமோ பார்வை நரம்போ இருக்கலாம். கட்டியின் ஒவ்வொரு மூலையிலும் போதிய கதிர் சென்றதா, அடுத்துள்ள உறுப்பில் மிகாமல் நின்றதா என்பதை மருத்துவக் குழு அறிதல் வேண்டும். கொடுக்கும் அளவில் பிழை 5 விழுக்காட்டிற்கு மிகாதிருத்தல் நன்று என்பது பன்னாட்டு வல்லுநர் குழு 1976ஆம் ஆண்டு வகுத்த நெறியாகும்.

மனித உடலுக்குள் கருவியை வைத்து எல்லா இடத்திலும் அளத்தல் இயலாது. ஆதலால், உடலுக்கு ஈடாகத் தண்ணீரைக் கொள்கின்றனர். திசுக்களில் பெரும்பகுதி நீரே அன்றோ! பெரிய தொட்டியில் நீரை நிரப்பி, அயனிகளை அளக்கும் சிறு கலத்தை அதில் வைப்பர். அதனை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோரிடத்து அளவையும் பதிவர். கிரே ஆராய்ந்த குழியின் வழித்தோன்றலே அச்சிறு கலம்.

கதிர்க்கற்றைகளைப் பல திசைகளிலிருந்து செலுத்திக் கட்டியின் வடிவத்திற்கேற்ப அமைக்கும் முறைகள் பின்னர் வந்தன. சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் கதிரின் அளவு பெரிதும் மாறும் இடங்களில், ஒவ்வொரு புள்ளியாக அளப்பது போதவில்லை. முழு வடிவத்தையும் ஒருசேரக் காட்டும் பொருள் தேவைப்பட்டது. இரும்பு உப்புக் கரைசல் கதிரால் மாறுவதை ஹியூகோ பிரிக்கே 1927ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அக்கரைசலை ஜெல்லி போன்ற கூழில் கலந்து, மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுக்கலாம் என 1984ஆம் ஆண்டு அறிஞர்கள் காட்டினர். ஆயின், இரும்பு அயனிகள் கூழுக்குள் மெல்லப் பரவியதால், நேரம் செல்லச் செல்லப் படம் மங்கியது. 1990களில் பாலிமர்க் கூழ் உருவாக்கப்பட்டது. கதிர் பட்ட இடத்தில் அது உறைந்து வெண்மையாகின்றது; அவ்வெண்மை இடம் பெயர்வதில்லை. கண்ணறியாக் கதிரின் முப்பரிமாண வடிவம் இவ்வாறு கண்ணுக்கே புலனாயிற்று. கூழ் காட்டும் வடிவம் சரியானதா எனச் சோதிக்க இன்றும் துணைநிற்பது அயனிக் கலமே.

பெயர் நிலைத்த அலகு

1953ஆம் ஆண்டு, உட்கவர்ந்த ஆற்றலை அடிப்படையாகக் கொண்ட ராட் என்னும் அலகினை உலகம் ஏற்றது. கிரேயும் ரீடும் வற்புறுத்திய கருத்தே அவ்வலகின் அடிப்படை. 1961ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1965ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், தம் 59ஆம் வயதில் கிரே மறைந்தார். அவர் உருவாக்கிய ஆய்வுப் பிரிவு பின்னர் கிரே ஆய்வகம் எனப் பெயர் பெற்றது.

1975ஆம் ஆண்டு எடை மற்றும் அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு, உட்கவர் அளவுக்கான அலகுக்குக் கிரே எனப் பெயரிட்டது. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால், அது ஒரு கிரே. பழைய அலகில் அது 100 ராட். நியூட்டன், வாட், ஜூல், கெல்வின் ஆகிய பெயர்களின் வரிசையில் மருத்துவமனை இயற்பியலர் ஒருவரின் பெயரும் இவ்வாறு இடம்பெற்றது.

இன்று சென்னையிலும் தில்லியிலும் மும்பையிலும், உலகின் பிற நகரங்களிலும், கதிர் மருத்துவம் பெறுவோரின் குறிப்பேட்டில் கிரே என்னும் சொல் எழுதப்படுகின்றது. அதனைப் படிப்போருள் பலர் அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியார். ஆயினும், அச்சொல்லுக்கு முன் எழுதப்படும் எண் பிழையின்றி இருந்தால்தான் நோய் அழியும். நலமான உறுப்பும் காக்கப்படும்.

சொற்பொருள்

கதிர் மருத்துவம் – கதிர்வீச்சைக் கொண்டு நோயைக் குணப்படுத்தும் முறை
உட்கவர்தல் – தனக்குள் ஏற்றுக்கொள்ளுதல்
திண்மம் – கெட்டியான பொருள்
அயனி – மின்னூட்டம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு
உயிர்வளி – ஆக்சிஜன்
துல்லியம் – பிழையின்மை
முப்பரிமாணம் – நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகள்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ராண்ட்ஜன் அலகினை ஏற்றுக்கொண்ட மாநாடு நடைபெற்ற நகரம் ________.
2. கிரே 1933ஆம் ஆண்டு பணியேற்ற மருத்துவமனை ________.
3. ஒரு கிரே என்பது ________ ராட்.

ஆ. பிரித்து எழுதுக.
1. உயிரணு  2. கண்ணறியா  3. ஒவ்வோரிடம்  4. வழித்தோன்றல்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தோல் சிவத்தலைக் கதிரின் அளவுகோலாகக் கொண்டதில் இருந்த குறைகள் யாவை?
2. குழி மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது ஏன்?
3. அளவிடுவதற்கு மனித உடலுக்கு ஈடாகத் தண்ணீரைப் பயன்படுத்தக் காரணம் யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. அவரை வேரைக் கொண்டு நடத்திய ஆய்வு உணர்த்திய உண்மையை விளக்குக.
2. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி கிரேயின் கோட்பாட்டிற்கு எவ்வாறு பொருந்துகின்றது?

உ. சிந்தித்து எழுதுக.
ஒருவருக்கு நாள்தோறும் 2 கிரே வீதம் மொத்தம் 60 கிரே கொடுக்க வேண்டும். வாரத்தில் 5 நாள்கள் மட்டுமே மருத்துவம் அளிக்கப்படுமாயின், எத்தனை வாரங்கள் ஆகும்? அனைத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் பகுத்துக் கொடுப்பதன் நன்மையைப் பாடத்தின் வழி எழுதுக.

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டில் தமிழில் வழங்கும் பழைய அளவுப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் எவை நீளத்தையும், எவை கொள்ளளவையும், எவை எடையையும் குறிக்கின்றன என வகைப்படுத்தி வகுப்பில் பேசுக.